ஆயுத பூஜைக்கு அணைச்ச கம்ப்யூட்டரும் பச்சியப்பனோட கலர் எடிட்டரும்

கைதட்டினது போதுங்க, நான் இன்னும் ஒண்ணும் பேசல. எனக்கு முன்னாடி பேசின ரெண்டு பேரும், கம்ப்யூட்டர் படுத்துட்டா எழுப்பறதுக்கு எந்த எடிட்டர் நல்லதுன்னு ஆளுக்கு அரை மணி நேரம் முழங்கினாங்க. அதைக் கண்ணு சொக்காம கேட்ட தலைவர் தீர்த்தகிரி ஐயா அவர்களே, முன்வரிசையிலே முழங்கால் வலியோட வீற்றிருக்கிற பெரியோர்களே, அடுப்பை அணைச்சுட்டு ஆசையா வந்திருக்கிற தாய்மார்களே, மடியிலே லேப்டாப்பை வச்சிகிட்டு மேடையைப் பாக்காத இஞ்சினியர்களே, சென்னம்மாளோட வணக்கம். தீர்த்தமலை ஈஸ்வரன் உங்களைக் காப்பாத்தட்டும்.

நான் எட்டாவது படிச்சவ. பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் எங்க ஊரு பால் சொசைட்டியிலே கேன் கழுவறேன். எடிட்டர்னா, கம்ப்யூட்டருக்குள்ள எழுதி வச்சதைத் திறந்து திருத்தற கருவியாம். அதுக்கா இத்தனை மாலை, இத்தனை மைக்கு?

போன ஆயுத பூஜை. பாலை எடை போட்டு, கொழுப்பு பாத்து, சீட்டு கொடுக்கறதெல்லாம் லினக்ஸ் போட்ட ஒரே கம்ப்யூட்டரு. மாசக்கணக்கா அணைச்சதே இல்ல. ஓடற மெஷினுக்குப் பொட்டு வைக்கலாமா? மத்தியானம் நான்தான் அணைக்கச் சொன்னேன். சந்தனம் வச்சேன், பூ வச்சேன், சூடம் காட்டினேன். நாலு மணிக்குப் பால் வந்துச்சு. சுவிட்சைப் போட்டா கறுப்புத் திரை. என்னமோ அவசர நிலைன்னு வெள்ளை எழுத்துல காட்டிட்டு நின்னுபோச்சு.

அதை அமைச்சுக் கொடுத்த இஞ்சினியர் பச்சியப்பன் பொரி சாப்பிட வந்திருந்தாரு. தட்டைக் கீழ வைக்காமலே, "எல்லாம் இந்தம்மா சூடம் பண்ண வேலை"ன்னாரு.

செயலாளர் முனிராஜ் என்னைப் பாத்தாரு. "ஆறரைக்கு டேங்கர் வந்துரும்க்கா. அதுக்குள்ள ஆகலைன்னா பால் பூரா வீணு. நாளையிலிருந்து நீங்களும் வர வேணாம்."

பச்சியப்பன் உக்காந்தாரு. அவரு எடிட்டர் சாதா எடிட்டரா? சேலத்திலே லேப்டாப்பைத் திறந்தா வரிக்கு ஒரு கலரு. பாதி தட்டினா மீதியை அதுவே எழுதுமாம். இங்க பேரைத் தட்டினாரு, அப்படி ஒண்ணு இல்லன்னுருச்சு. நெட்டுல இறக்கலாம்னாரு. கம்ப்யூட்டரே எழல, நெட்டு எப்படி எழும்?

வரிசையிலே நின்ன குள்ளம்மாள் கேட்டாங்க: "ஏந்தம்பி, கலர் கலரா காட்டுவியே, அது எங்க?"

"அது லேப்டாப்புல இருக்குங்க ஆயா. லேப்டாப் வூட்ல இருக்கு."

"நோவு இங்க, மருந்து உன் வூட்லயா?"

கடைசியா, அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே கிடந்த வீ-ஐங்கற பழைய எடிட்டரைத் திறந்தாரு. தட்டினா எழுத விடல. வெளிய வரலாம்னா வழி தெரியல. மூணு தடவை பவர் பட்டனை அமுக்கித்தான் தப்பிச்சாரு. என்னம்மா சிரிக்கிறீங்க? பின்வரிசையிலே ரெண்டு இஞ்சினியர் சிரிக்கல பாருங்க, அவங்களுக்கும் வழி தெரியாது.

அப்ப பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சொல்லித்தர்ற பிளசி டீச்சர், பால் கேனோட வரிசையிலே நின்னவங்க, கேனை என் கையில கொடுத்துட்டு உக்காந்தாங்க. டிஸ்க்குல எழுத விடறதுக்கு ஒரு கட்டளை போட்டாங்க. அதே வீ-ஐ. ஐங்கற எழுத்தைத் தட்டினாங்க, எழுத விட்டுச்சு. ஒரு வரிக்கு முன்னாடி ஒரு குறி போட்டு, அந்த வரியைச் செல்லாம ஆக்கினாங்க. எஸ்கேப். கோலன், டபிள்யூ, கியூ, என்டர்னு தட்டி, எழுதினதைக் காப்பாத்திகிட்டு வெளிய வந்தாங்க. மறுபடி போட்டா, அஞ்சு மணிக்குக் கம்ப்யூட்டர் எழுந்து உக்காந்துச்சு.

"என்ன டீச்சர் தப்பு?"ன்னாரு முனிராஜ்.

"இல்லாத டிஸ்க்கைத் தேடச் சொல்லி ஆடி மாசம் ஒரு வரி எழுதியிருக்குங்க. அணைச்சுப் போட்டாத்தான் வெளிய தெரியும்."

ஆடியிலே எழுதினது யாரு? சூடமா? சந்தனமா? இந்தச் சென்னம்மாளா? பச்சியப்பன் பொரித்தட்டையே பாத்துகிட்டிருந்தாரு. டேங்கர் பாலை ஏத்திகிட்டுப் போச்சு. நான் மறுநாளும் கேன் கழுவப் போனேன்.

அழகான எடிட்டர் வேணுமா, வச்சிக்குங்க. ஆனா வண்ணம் போனாலும், நெட்டு போனாலும், விழுந்த கம்ப்யூட்டருக்குள்ளயே எது கிடக்குதோ, அதைக் கத்துக்குங்க. உள்ள போனா போதுமா? எழுதத் தெரியணும், எழுதினதைக் காப்பாத்தத் தெரியணும், மானத்தோட வெளிய வரத் தெரியணும். திருத்தினா அன்னைக்கே ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாருங்க. உங்க தப்பைக் கண்டுபிடிக்க வருசா வருசம் நான் சூடம் காட்ட முடியுமா?

பொறுமையா கேட்ட உங்க எல்லாருக்கும் கும்பிடுங்க, போயிட்டு வரேன்.

ஐயா, இருங்க, இப்பத்தான் நெனப்பு வருது. காலையிலே இந்த விழாவுக்குப் பூஜை போட்டப்ப, உங்க ஆபீஸ் ரூம்ல இருக்கற பெரிய கம்ப்யூட்டரையும் அணைச்சுத்தான் பொட்டு வச்சேன். இன்னும் சுவிட்சைப் போடல.