பன்னெண்டாவது மேசை

காலையில நாலரை மணி. மடுல்சீமைக்கு மேல, தோட்டத்து ரோடு. ரெண்டு பக்கமும் தேயிலை… நடுவுல பனி. லைட்டு அடிச்சாலும் பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியாது. கல்லும் குழியுமா ரோடு. மனுஷ நடமாட்டமே இல்ல.

அந்த ரோட்டுல ஒரு வேன் எறங்கி வருது. உள்ள ரெண்டே பேரு.

கிட்ட வந்து உக்காருங்க… நான் சத்தமா சொல்ல மாட்டேன். இது என் மச்சானோட கூட்டாளி நிமலனுக்கு நடந்தது. அவனே மச்சான்கிட்ட சொன்னான். ஒரே ஒரு தடவ. பொறவு யாரு கேட்டாலும் எந்திரிச்சுப் போயிருவான்.

2022. தைப்பொங்கல் முடிஞ்சு ரெண்டாவது ஞாயித்துக்கெழம. கொரோனா வந்த நாள்ல இருந்து பதுளை டவுனுல செஸ் போட்டியே நடக்கல. கிளப்பு பூட்டிக் கெடந்திச்சு. தொறந்து பாத்தா போர்டெல்லாம் பூஞ்சணம் புடிச்சு, காய்ப்பெட்டிக்குள்ள எலி குட்டி போட்டிருந்திச்சாம். எல்லாத்தையும் தொடச்சுக் காயவச்சு, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் மொதப் போட்டி வைக்கிறாங்க. அதுக்குத்தான் இந்த ரெண்டு பேரும் போறாங்க.

வேன ஓட்டுறவன் ரஜீவ். வேனும் அவனோடதுதான். சந்தைக்கு மரக்கறி ஏத்துவான். பக்கத்துல நிமலன், தோட்டத்துத் தொழிற்சாலையில வேல. ரெண்டு பேரும் ஒரே லயத்துல, அந்த வரிசை வீட்டுலயே சின்னதுல இருந்து வளந்தவங்க. ஒரே போர்டுல செஸ் பழகினவங்க. அந்தப் போர்டுல மூணாவதா ஒரு ஆளும் இருந்திச்சு… நிமலனோட அக்கா, தனுஜா.

தனுஜாதான் மூணு பேருல கெட்டிக்காரி. தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல வேல. அம்மாமாரு கொழுந்தெடுக்கப் போனா, கைப்புள்ளைங்கள பாத்துக்குவா. சாயந்தரம் புள்ளைங்க போனதும், தொட்டிலுக்குப் பக்கத்துலயே போர்ட விரிச்சு ஒக்காந்துருவா. தம்பியும் ரஜீவும் சேந்து ஆடுனாலும் அவள ஜெயிக்க முடியாது. ரஜீவும் அவள அக்கான்னுதான் கூப்பிடுவான். பாதி நாள் சாப்பாடு அவ கையாலதான்.

முந்தின வருஷம் புரட்டாசியில… ஊரடங்கு நேரம்… தனுஜா செத்துப்போனா. கொரோனாதான். அத அப்புறம் சொல்றேன்.

அவ போன பொறவு அந்த வீட்டுக்கு எல்லாமே ரஜீவ்தான். அரிசி, பருப்பு, ஆஸ்பத்திரி, அம்மாவுக்கு மருந்து… கேக்காமலே வந்து நிப்பான். "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்"னு நிமலன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். போட்டி இருக்குன்னு தகவல் வந்ததும், "நாம போவோம்டா. அக்கா பேரச் சொல்லி ஆடுவோம்"ன்னு சொன்னதும் ரஜீவ்தான்.

சரி… வேன் வருது. தோட்டத்து ரோடு தார் ரோட்டுல சேர்றதுக்கு முன்ன ஒரு வளைவு. ஓரத்துல பெரிய கல்லு ஒண்ணு. பஸ்ஸுக்கு நிக்கிறவங்க அதுலதான் ஒக்காருவாங்க. அந்த வளைவு வந்தா ரஜீவ் எப்பவும் கொஞ்சம் வேகமாப் போவான். அன்னைக்கு… எஞ்சின் நின்னுருச்சு. லைட்டும் அணஞ்சிருச்சு.

பனித்தண்ணி சொட்டுற சத்தம் மட்டும். அப்ப… பின்கதவு.

சர்ர்ர்ர்… டக்.

தொறந்து, மூடுன சத்தம். வேன் ஒரு பக்கமா லேசா அமுங்கி நிமிர்ந்திச்சு. ஆளு ஏறுனா அமுங்குமே… அப்படி.

ரஜீவ் திரும்பிப் பாக்கல. கண்ணாடியிலயும் பாக்கல. சாவியத் திருகுனான், எஞ்சின் ஒடனே புடிச்சிருச்சு. நிமலன் டார்ச்ச அடிச்சுப் பின்னாடி பாத்தான். சீட்டுல ஒண்ணுமில்ல. ஆனா ஒரு வாசம்… நனஞ்ச கம்பளி, பால்மா, டெட்டால். மூணும் கலந்து. புள்ளக்காம்பராவுல கதவத் தொறந்தா அடிக்குமே, அந்த வாசம்.

"ஒனக்கு ஏதாச்சும் மணக்குதாடா?"ன்னு கேட்டான்.

"கண்ணாடிய எறக்கு"ன்னு மட்டும் சொன்னான் ரஜீவ்.

பதுளையில ஒரு தையல்கடைக்கு மேல மண்டபம். வாசல்ல கை கழுவணும், காய்ச்சல் பாப்பாங்க. எல்லாரும் மாஸ்க் போட்டிருக்கணும். நடுவரு நிப்லா டீச்சர். கண்டிப்பான ஆளு. பன்னெண்டு மேசை போட்டு வச்சிருந்தாங்க, இருவத்துநாலு பேருக்கு. வந்தது இருவத்துமூணு. அப்ப ஒரு ரவுண்டுக்கு ஒருத்தருக்கு ஆளு கெடைக்காது. ஆடாமலே ஒரு புள்ளி குடுத்துருவாங்க, அவங்க வெளியில போய் டீ குடிக்கலாம். அந்தப் பன்னெண்டாவது மேச மூலையில சும்மா கெடந்திச்சு.

மொத ரவுண்டுல நிமலன் ஜெயிச்சான். ரஜீவ் தோத்தான். ரெண்டாவதுலயும் தோத்தான். ஏழாங்கிளாஸ் புள்ள ஒண்ணுகிட்ட. குதிரைய எடுத்து எங்க வைக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறான். கடைசியில இருக்கிறவனுக்குத்தான் அந்தச் சும்மா புள்ளி போகும். அதனால மூணாவது ரவுண்டு ரஜீவுக்கு ஆட்டம் இல்ல.

"நீங்க கீழ போய் டீ குடிச்சிட்டு வாங்க"ன்னு நிப்லா டீச்சர் சொன்னாங்க. நிமலன் காதுபடத்தான் சொன்னாங்க.

ஆட்டம் தொடங்கிருச்சு. மண்டபம் முழுக்க செஸ் மணிக்கூட்ட அமுக்குற சத்தம்தான். டக்… டக்… ஒரு பதினஞ்சு நிமிஷம் போயிருக்கும். நிமலன் யோசிச்சிக்கிட்டே தலைய நிமித்துறான். மூலையில, பன்னெண்டாவது மேசையில… ரஜீவ் ஒக்காந்திருக்கான்.

எதுக்க ஒரு பொம்பள. முதுகுதான் தெரியுது. ஒத்தச் சடை. தவிட்டு நெறத்துல கம்பளிச் சட்ட. காதுல மாஸ்க்கு நாடா.

யாரோ பிந்தி வந்திருக்காங்க போலன்னு நெனச்சான். அவ கைய நீட்டிக் காய நகத்துறா. மணிய அமுக்குறா. டக். ரஜீவோட நெத்தியில வேர்வ சொட்டுது… அந்தக் குளிர்ல. நடுவுல அவ ஒரு தடவ இருமுனா. சின்ன இருமல்தான்.

நிமலன் பேனாவக் கீழ வச்சான். அந்த இருமல அவன் ஒரு ராத்திரி முழுக்கக் கேட்டவன்.

எந்திரிக்கணும்னு பாக்குறான்… இவன் ஆட்டத்துல இவன் முறை, நேரம் ஓடுது, எதுக்க இருக்கிறவரு முறைக்கிறாரு. ஒரு காயத் தள்ளிட்டு மணிய அமுக்கித் திரும்புறான். அந்த நாற்காலி காலி. ரஜீவ் மட்டும் ஒக்காந்திருக்கான். பலகையில அவனோட ராஜா சாஞ்சு கெடக்கு.

அப்ப நிப்லா டீச்சர் ஒரு தாளத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. "ரஜீவ், ஒங்களுக்கு இந்த ரவுண்டு ஆட்டமே இல்லயே. பொறவு எப்படித் தாள் வந்திச்சு? யாரோட ஆடினீங்க?"

ரஜீவ் நாற்காலியத் தள்ளுனான். எந்திரிச்சு, படிப்பக்கம் போயிட்டான்.

நிமலன் அந்தத் தாள வாங்கிப் பாத்தான். ஆட்டத்த எழுதுற தாள். கீழ ரெண்டு கையெழுத்து. ஒண்ணு ரஜீவோடது. மத்தது… "தனுஜா". அந்த 'ஜா'வுக்கு வால இழுத்து, கீழ ஒரு சுழி. வேற யாரும் அப்படிப் போட மாட்டாங்க. மை இன்னும் காயல. வெரல்ல ஒட்டிக்கிச்சு.

ஆட்டத்த அப்படியே போட்டுட்டு படிக்கு ஓடுனான். ரஜீவ் மூணாவது படியில குந்தியிருக்கான். மாஸ்க்கு நனஞ்சு மூஞ்சியோட ஒட்டியிருக்கு.

"யாருடா அது?"

ரஜீவ் மாஸ்க்க இழுத்து விட்டுக்கிட்டான்.

"ரஜீவ்… யாருடா அது?"

"ஒண்ணும் பேசலடா. கடைசி வரைக்கும் பேசல. நான் ராஜாவச் சாச்சதும் மாஸ்க்க எறக்குனாங்க. 'லைட்ட ஏன் அணைச்ச?'ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்."

இப்ப அந்த ராத்திரிய சொல்றேன்.

புரட்டாசி மாசம். தனுஜாவுக்கு மூச்சு வாங்குது. தோட்டத்து வண்டி ஓடல. ஊரடங்கு. ரஜீவ்கிட்ட மட்டும் மரக்கறிக்குன்னு பாஸ் இருந்திச்சு, அன்னைக்கும் லோடோட வெளியிலதான் இருந்தான். நிமலன் அவனுக்குப் போன் போட்டான். "ரோட்டுக்கு எறக்கி வையிடா, அர மணியில வர்றேன்"னு ரஜீவ் சொன்னான். நிமலன் அக்காவக் கம்பளியால சுத்தி, முதுகுல தூக்கிக்கிட்டு வந்து அந்தக் கல்லுல ஒக்கார வச்சான். பதினோரு மணி. பன்னெண்டு ஆச்சு. ஒண்ணு ஆச்சு. போன் வேல செய்யல. விடியுறதுக்கு முன்ன அவன் மடியிலயே போயிட்டா. பொறவு வெள்ள உடுப்புப் போட்டவங்க வந்து சுத்திக் கொண்டுபோனாங்க. மொகத்தக்கூட ஒழுங்காப் பாக்கல. "பசறை டவுனுக்கு அந்தப் பக்கமே எஞ்சின் சூடாகி நின்னுருச்சுடா"ன்னு ரஜீவ் கால்ல விழுந்து அழுதான். நிமலன்தான் தூக்கி நிறுத்தி, "ஒன் மேல தப்பு இல்லடா"ன்னு சொன்னான்.

இப்ப படியில வச்சு ரஜீவ் சொல்றான்… "நான் வந்தேன்டா. வளைவு வரைக்கும் வந்தேன். லைட்டு அடிச்சேன். அக்கா கல்லுல ஒக்காந்து இருமிக்கிட்டு இருந்தாங்க. நீ இல்ல."

"அடையாள அட்டைய எடுக்க லயத்துக்கு ஓடியிருந்தேன்."

"வீட்டுல கைப்புள்ளடா எனக்கு. நோயாளிய ஏத்துனேன்னு வேனையும் பூட்டி வச்சிருவாங்க… பயந்துட்டேன். லைட்ட அணைச்சிட்டு, அப்படியே பின்னுக்கு எறக்கிட்டேன். போனையும் நிப்பாட்டிட்டேன்."

"அக்கா பாத்துச்சா?"

"கைய நீட்டுனாங்கடா. வேனப் பாத்து… கைய நீட்டுனாங்க."

அப்பத்தான் நிமலனுக்கு ஞாபகம் வருது. அட்டைய எடுத்துக்கிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தப்ப, தனுஜா சொன்னா. "வந்துட்டுத் திரும்பிப் போறான்டா தம்பி." காய்ச்சல்ல ஒளர்றான்னு நெனச்சு, "இல்லக்கா, இனிமேத்தான் வருவான்"னு தலையத் தடவி விட்டான். அவ மறுபடி அதச் சொல்லல. மூச்சு நிக்கிற வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல.

நிமலன் அடிக்கல. ஏசவும் இல்ல. நாலு மாசமா இவன் தோள்ல சாஞ்சுல்ல அழுதிருக்கோம்… இவன் கொண்டுவந்த அரிசியத்தானே அம்மா பொங்கி அக்கா படத்துக்கு வச்சிச்சு… அத நெனச்சு நெனச்சு வாயெல்லாம் கசந்து போச்சு. "போயிரு"ன்னு மட்டும் சொன்னான். ரஜீவ் எறங்கிப் போனான். கீழ வேன் கெளம்புற சத்தம் கேட்டிச்சு. ஒரு மணி இருக்கும்.

நிமலன் மேல வந்து பன்னெண்டாவது மேசையில ஒக்காந்தான். ரஜீவ் இருந்த நாற்காலியில. காய அடுக்கி வச்சான். "அக்கா"ன்னு கூப்பிட்டான். வரல. நாலாவது ரவுண்டு முடிஞ்சிச்சு, அஞ்சாவது முடிஞ்சிச்சு, பரிசு குடுத்தாங்க, கை தட்டுனாங்க. வரல. அவ வந்தது ரஜீவுக்காக… எனக்காக இல்லன்னு அவனுக்குப் புரிஞ்சிச்சு. அன்னைக்கு அக்கா சொன்னத நான் நம்பலயேன்னு மச்சான்கிட்ட சொல்றப்ப, அந்த எடத்துலதான் கொரல் ஒடஞ்சிச்சாம்.

நிப்லா டீச்சர் தோளத் தொட்டு, "தம்பி, மண்டபத்தப் பூட்டணும்"னு சொன்ன பொறவுதான் எந்திரிச்சான்.

சாயந்தர பஸ். பசறை தாண்டி மேல ஏறுறப்ப இருட்டிருச்சு. மழத் தூறல். வழியில ஒரு டீக்கடைக்கிட்ட பஸ் நிக்கும். அங்க கடைக்கு அந்தாண்ட… ரஜீவோட வேன்.

நிமலன் எறங்குனான். எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கு. டீக்கடைக்கார அம்மா சொல்லுது, "ரெண்டு மணியிலருந்து நிக்குது தம்பி. தட்டுனா தொறக்க மாட்டேங்குறாரு. பின்னால ஒரு பொம்பளையும் இருக்காங்க போல, இருமல் கேட்டிச்சு."

கிட்டப் போனான். எல்லாக் கதவும் உள்ளுக்குப் பூட்டு. ரஜீவ் ரெண்டு கையாலயும் ஸ்டேரிங்கப் புடிச்சிக்கிட்டு நேராப் பாத்துக்கிட்டு இருக்கான். உசுரு இருக்கு. கண்ணு சிமிட்டுது. ஒதடு மட்டும் அசையுது… நிமலனுக்குப் புரிஞ்சிச்சு. 'தொறடா… தொறடா…'

பின்சீட்டு பக்கம் பாத்தான். சீட்டு வெறிச்சோடிக் கெடக்கு. ஆனா கண்ணாடியில… உள்பக்கமா… உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படியுது. மெல்ல மறையுது. திரும்பப் படியுது. மறையுது. யாரோ கண்ணாடிக்குக் கிட்ட மொகத்த வச்சு மூச்சு விடுற மாதிரி. அந்த ராத்திரி மடியில போட்டுக்கிட்டு அவன் எண்ணுன மூச்சு… அதே இழுப்பு.

ஒரு கல்ல எடுத்து ஒடச்சிருக்கலாம். காலடியிலயே கல்லு கெடந்திச்சாம். அவன் எடுக்கல.

பஸ்காரன் ஹோர்ன் அடிச்சான். நிமலன் ஏறி, ஜன்னலோரமா ஒக்காந்தான். பஸ் மெதுவா வேன ஒட்டிப் போகுது. பஸ்ஸு வெளிச்சம் வேன் மேல விழுந்திச்சு. பின்சீட்டுக் கண்ணாடி சுத்தமா இருந்திச்சு, ஒரு பொட்டு ஆவி இல்ல.

இப்ப ஆவி படிஞ்சது முன்கதவுக் கண்ணாடியில… ரஜீவோட காதுக்குப் பக்கத்துல.