கால்வாய் ஓரத்தில் கட்டி வைத்த பைகள்

நேரம் தவறாத நெறியோடு அவையை நடத்திவரும் தலைவர் ஆசிரியை அம்மா அவர்களே! காலையிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல் தெருவைத் துலக்கிய தொண்டர்களே! பெரியோர்களே! பேசுகிறவளை முறைத்துப் பார்த்தாலும் பாசம் குறையாத தாய்மார்களே! மழைநீர் நிலையத்தில் பம்பு ஓட்டும் எனக்கு மைக்கைத் தந்திருக்கிறீர்கள். வேலை முடிந்து நேரே வருகிறேன். வணக்கம்.

கைதட்டல் இருக்கட்டும் ஐயா, வானத்தைப் பார்த்தீர்களா? கருகருவென்று கட்டிக்கொண்டு வருகிறது.

காய் வாங்க ஒரு பிளாஸ்டிக் பை, கறி வாங்க ஒரு பை, அந்த இரண்டையும் போட இன்னொரு பை! கடையிலிருந்து வீடுவரை கால்மணி நேரம்தான் அதற்கு வேலை. பிறகு? மண்ணில் புதைத்தால் மக்குகிறதா? மாடு தின்றால் செரிக்கிறதா? எரித்தால்தான் நம் மூச்சை விட்டுவைக்கிறதா?

போன வருட மழையில் கீழத்தெருவுக்குள் தண்ணீர் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். பம்பு முனகியது, திணறியது, நின்றது. பம்புக்கு முன்னால் குப்பையைத் தடுக்கும் கம்பிச் சட்டம் முழுக்கப் பை! மெக்கானிக்கான என் தம்பி குழிக்குள் இறங்கினான்.

"அக்கா, மோட்டாரை நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்டா. கயித்தை இடுப்புல கட்டு."

"கட்டியாச்சு. நீ பயந்து என்னையும் பயமுறுத்தாதே!"

இழுத்தான், இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். அடைப்பு பட்டென்று விட்டது. தேங்கிய நீர் பாய்ந்தது, அவன் கை கம்பிகளுக்கு நடுவே சிக்கியது. நான்கு பேர் கயிற்றை இழுத்தோம். உயிர் வந்தது, ஐயா. மூன்று விரல்கள் வரவில்லை.

ஐயோ பாவம் என்கிறீர்களா? யார் பாவம் என்று கேளுங்கள்! அவை காற்றில் பறந்து வந்த பைகள் அல்ல. குப்பை நிரப்பி, முடிச்சுப் போட்ட பைகள். முந்தின நாள் இதே போலத் தெருவைச் சுத்தம் செய்தோமே, அந்தப் பைகள்! "கால்வாய் ஓரமா வரிசையா வைங்க, லாரிக்காரருக்குச் சுலபமா இருக்கும்" என்று சொன்ன புத்திசாலி யார்? நான்தான்! லாரிக்கு முன்னால் மழை வந்துவிட்டது. வெட்கத்தில் இதை ஒருவரிடமும் சொல்லாமல் விழுங்கிவிட்டேன்.

இன்று சேர்த்ததை எங்கே வைத்தீர்கள்? முன்வரிசையில் யாரம்மா அது, சத்தமாகச் சொல்லுங்கள்.

"அதே கால்வாய் ஓரம்தான் அக்கா. முந்நூறு பை! காலையில லாரி வந்துடும்."

அடக் கடவுளே! என் வாய் மூடியிருந்ததற்கு இதுதானா கூலி? இப்போது நிலையத்தில் நிற்பவன் என் தம்பி. அடைத்துக்கொண்டால் அவன்தான் இறங்குவான். எவ்வளவு கத்தினாலும் கேட்கமாட்டான்.

தலைவர் அம்மா, மன்னியுங்கள், அடுத்த பேச்சாளரும் மன்னியுங்கள். மேடை இருக்கும், மாலை இருக்கும், நாளைக்கும் பேசலாம். மழை காத்திருக்குமா? எழுந்திருங்கள்! ஆளுக்கு இரண்டு மூட்டை, பள்ளிக்கூட மேட்டுக்குத் தூக்குவோம்! நாளையிலிருந்து பையே வாங்காத கைகளாக இருப்போம், இன்று பையைத் தூக்கும் கைகளாக இருப்போம்!

வரப்போகிற எல்லோருக்கும் இப்போதே நன்றி, வணக்கம். என் தம்பிக்கு இன்னும் ஏழு விரல்தான் இருக்கிறது. அதில் ஒன்றைக்கூட நான் தரமாட்டேன், வாருங்கள்!