தீப்பிடிக்காத சானிடைசர்

— அந்தப் பெட்டி மேல உக்காராதீங்க சார். அமுங்கிடும்.

— வேற எங்க உக்கார்றது? நூலகத்துல ஒரு நாற்காலி கூடவா இல்ல மேடம்?

— இருக்கு. உங்க பெட்டிங்களுக்கு அடியில இருக்கு. தோண்டணும்.

— எங்க பெட்டின்னு சொல்லாதீங்க. நான் சுகாதாரத் துறையில சாதாரண ஸ்டோர் ஆபீசர்.

— நான் சாதாரண நூலகர். ரெண்டு வருஷமா கை தேய்க்கிற மருந்துக்குக் காவல் இருக்கேன்.

— சானிடைசர். விதிப்படி பாத்தா, திரும்பப் பெறப்பட்ட சானிடைசர்.

— திரும்பப் பெற்றா வித்தவன்கிட்டதான போகணும்? இங்க எதுக்கு வந்துச்சு?

— கம்பெனிய நேர்ல போய்த் தேடினோம் மேடம். அந்த விலாசத்துல ஒரு சலூன் இருக்கு.

— முடி வெட்டிக்கிட்டு வந்தீங்களாக்கும்.

— ஷேவிங் மட்டும்.

— நல்லா இருக்கு கத. அப்படி என்னதான் கோளாறு இதுல?

— ஆல்கஹால் சரக்கே இல்ல. வெறும் தண்ணி, கொஞ்சம் எலுமிச்ச வாசனை.

— தண்ணிதான? சாக்கடையில ஊத்திட்டுப் போக வேண்டியதுதான?

— ஊத்த முடியாது. விதிப்படி இது தீப்பிடிக்கும் பொருள்.

— தீப்பிடிக்காதுன்னுதான திரும்பவே வாங்குனீங்க!

— உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். விதிக்குத் தெரியணுமே.

— அது சரி. வாசல்ல வாட்ச்மேன், சுவர் பூரா தீயணைப்பு சிலிண்டர். வாங்கின காச விட காக்குற காசு ஜாஸ்தியா இருக்கும் போலயே. யார் வீட்டுக் காசு இதெல்லாம்?

— பொதுக் காசு மேடம். யார் வீட்டுக் காசும் இல்ல.

— எனக்கு அதக்கூட விடுங்க. படிக்க ஆள் வரலன்னு நூலகத்தயே மூடப் போறாங்களாம். எப்படி வருவாங்க? பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணுங்க வாசப்படியில உக்காந்து படிக்குதுங்க. வாசப்படி கணக்குல வராதாம். ஹாலுக்குள்ள உக்காந்தாத்தான் வாசகராம்.

— அதுக்குத்தான் வந்திருக்கேன். நாளைக்கு லாரி வருது. ஒரு பெட்டி பாக்கியில்லாம ஏத்திடுவாங்க.

— நெசமாவா? உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும் தம்பி!

— இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. பெட்டியோட சேந்து போற சாமானும் அதுலயே இருக்கு.

— சேந்து போறதா? என்ன போகுது?

— கூரை.

— என்னது?

— தகர ஷீட் மேடம். தீப்பிடிக்கும் பொருள ஒழுகுற கூரைக்கடியில வெக்கக் கூடாதுன்னு போன வருஷம் போட்டாங்கல்ல? பொருள் போனா ஷீட்டும் போகணும்.

— ஏன் சார், புத்தகம் நனையுதுன்னு நான் நாயாப் பேயா அலைஞ்சேனே, அப்ப ஒடஞ்ச ஓடு ஒண்ணு கூட மாத்தலயே!

— புத்தகம் தீப்பிடிக்கும் பொருள் பட்டியல்ல இல்ல.

— புத்தகம் எரியாதா?

— எரியும். பட்டியல்ல இல்ல.

— சரி, கரண்டாவது இருக்குமா?

— பில்லு குடோன் கணக்குல போகுது. வெட்டிடுவாங்க.

— வாட்ச்மேன்?

— லாரியில முன் சீட்டுல அவர்தான்.

— அப்புறம் நூலகம்?

— குடோனா இருக்கிற வரைக்கும் கட்டடத்த யாரும் தொட முடியாது. காலியானா மறுநாள் பூட்டு. ஏன் மேடம் பேனாவ மூடிட்டீங்க?

— மை காஞ்சிடுச்சு.

— இந்தாங்க, என் பேனா.

— அதுவும் காஞ்சிரும்.

— மேடம், விளையாடாதீங்க. பெட்டிய எடுங்க எடுங்கன்னு நீங்கதான ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்குனீங்க! எனக்கு இத முடிச்சிட்டுக் கவுனுக்கு வேற இடம் தேடணும்.

— என்ன கவுன்?

— ஆஸ்பத்திரிப் பாதுகாப்பு கவுன். டாக்டர் கையத் தூக்கினா சட்டைக் கை தனியா வந்துடுது. அதையும் திரும்ப வாங்கிட்டோம். வெக்க இடமில்லாம நாயா அலையறேன்.

— அடப் பாவமே. அதுக்கு விதி என்ன தம்பி?

— அதுதான் மேடம் கொடும. ஈரம் படக் கூடாது. நல்ல வெளிச்சம், ஃபேன் வேணும். தரையில வெக்காம சுவரோரமா பலகை மேல அடுக்கணும். எலி கடிக்காம இருக்கப் பகல் முழுக்க ஹாலுக்குள்ள ஆள் இருந்துகிட்டே இருக்கணும். அதுக்கு மேசை, நாற்காலி வேற நாங்களே குடுக்கணும்.

— நாளைக்கு வர்ற லாரியில அதயெல்லாம் ஏத்தி இங்க அனுப்பிடுங்க.

— இங்கயா? ஆளுக்கு எங்க போவீங்க?

— வாசப்படியில இருக்காங்களே.

— அவங்க படிக்க வந்தவங்க மேடம்!

— இருக்கட்டுமே தம்பி, கையில புத்தகம் இருந்தா எலிக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?