டியூபா ஊதும் மருமகள்

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் ஹுன்னஸ்கிரிய பஸ் புறப்படக் காத்திருந்தது. எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா, பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "எங்க மகன் கட்டப்போற புள்ள, பீரங்கி மாதிரி ஒன்ன மடியில வச்சு ஊதுது" என்றார்.

"பீரங்கியா அக்கா?"

"டியூபான்னு பேரு. பேண்டுலயே பெரிய பித்தளைக் குழல். இங்க பக்கத்துல மஹய்யாவ ஊர்ப் புள்ளதான். கொழும்புல பெரிய ஆர்கெஸ்ட்ராவுல ஊதுது, இங்க ஹோட்டல்ல ஜாஸ் வாசிக்குது. கல்யாணத்துக்குப் பொறகு இதெல்லாம் வேணாம்னு சொல்லத்தான் போன சனிக்கிழமை அந்த ஹோட்டலுக்குப் போனேன்."

"சொன்னீங்களா?"

"கேளுங்க. பாட்டுக்காரருக்கு நடுவுல பாட்டு மறந்துபோச்சு. மத்தவங்க ஒவ்வொருத்தரா வாசிக்கிறத நிறுத்திட்டாங்க. இவ மட்டும் நிறுத்தல. அந்தாளு மூஞ்சியப் பாத்துக்கிட்டே, அடித்தொண்டையில ஆள் பேசுற மாதிரி ஊதிக்கிட்டே இருந்தா. நான் இருந்த கதிரையே அதிர்ந்துச்சு. அவரும் அதைப் புடிச்சுக்கிட்டு மெதுவா பாட்டுக்குள்ள வந்துட்டாரு. சனம் எழும்பி நின்னு கை தட்டுச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு."

கொண்டக்டர் வந்தார். இரண்டு பேரும் டிக்கெட் எடுத்தார்கள்.

"பொறகு?"

"முடிஞ்சதும் கிட்ட போனேன். வேர்த்துப்போய் நின்னா. என்னைப் பாத்ததும் முகம் மாறிப்போச்சு. எதுக்கு வந்திருக்கேன்னு அவளுக்கு வெளங்கிருச்சு போல. எனக்கு அந்தப் பேச்சு வாயில வரல. 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டேன். தையில கல்யாணம். அவ ஊதட்டும்."