காலியாகாத ஒரு கட்டில்

வெள்ளைத் துணியை எப்படி வெளுப்பது என்று இந்த ஊரில் பல பெண்களுக்குத் தெரியாது. சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, புல்மேல் விரித்து வெயிலில் காயவைக்க வேண்டும். போர் நடந்த மாதங்களில் என் வீட்டில் காயங்களுக்குக் கட்டிய துணிகளைப் பார்த்து டாக்டர் கீஸே அசந்துபோனார். நீதிபதி ஐயா, இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் அசட்டையான பெண் அல்ல.

என் கணவர் தோல் பதனிடும் ஆலை வைத்திருந்தவர். போருக்கு முந்தைய ஆண்டு இறந்தார். அதன்பின் எங்கள் வாசல்மணி அடிப்பதே நின்றுபோனது. பிரான்சுப் போர்முனையிலிருந்து காயம்பட்டவர்கள் ரயிலில் வந்து இறங்கியபோது, கூடத்துச் சாமான்களை அப்புறப்படுத்திவிட்டுக் கட்டில்கள் போட்டேன். பாதிரியார் வந்தார். மேயரின் மனைவி வந்தார். தெருவில் ஆண்கள் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்கள்.

சமாதானம் ஆனதும் கட்டில்கள் காலியாகத் தொடங்கின. காயம்பட்டவர்களுக்குத் தொண்டு செய்தவர்களுக்கு ராணி பதக்கம் வழங்குவார் என்று அப்போதுதான் அறிவித்தார்கள். அரண்மனைச் சீமாட்டி ஒருவர் நேரில் வந்து பார்த்துப் பரிந்துரைப்பாராம். அதற்குள் என்னிடம் மிஞ்சியிருந்தது யாக்கோப் ஹேர்லே மட்டும்தான். பீப்பாய் செய்கிறவன். தொடையில் குண்டு பாய்ந்த புண் ஆறிவிட்டிருந்தது.

நல்ல மனிதன். "அம்மா, உங்க சாப்பாட்டுல காலு தேறிருச்சு. இப்ப வயிறுதான் எந்திரிக்க விடமாட்டேங்குது" என்பான்.

சீமாட்டி வரவிருந்த வாரத்தில் அவன் மனைவி ரோசினே மாட்டுவண்டியோடு வந்து நின்றாள்.

"கூட்டிட்டுப் போறேம்மா. பீப்பாய் கேட்டு ஆளுங்க வந்துட்டே இருக்காங்க."

"இன்னும் கொஞ்ச நாள் பொறு. டாக்டர் பார்க்கணும்" என்றேன். டாக்டர் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

அவள் புருஷனிடம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க? இங்கயே குடித்தனம் நடத்தப் போறீங்களா?"

அவன் சிரித்தான். "ஞாயித்துக்கிழமை வா, ரோசினே. அம்மா மனச நோகடிக்க வேணாம்."

ஊர் எல்லையில் புண் அழுகியவர்களைத் தனியாகக் கிடத்தியிருந்த கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே போய், டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி, ஒருவன் புண்ணில் வைத்திருந்த பஞ்சை வாங்கி வந்தேன். சீழ் இருக்கிறது என்று சொல்லி யாக்கோபின் தழும்பைக் கத்தியால் கொஞ்சம் கீறினேன்.

"நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

அந்தப் பஞ்சை உள்ளே வைத்துக் கட்டினேன். மேலே சுற்றிய துணி பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

நான் நினைத்தது நாலைந்து நாள் காய்ச்சல் மட்டும்தான். சீமாட்டி வரும்போது ஒரு மனிதன் படுக்கையில் இருக்க வேண்டும். வேறெதுவும் இல்லை.

சீமாட்டி வந்தபோது அவன் பிதற்றிக்கொண்டிருந்தான். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. மறுநாள் யாக்கோப் இறந்தான்.

"ஆறின புண்ணு எப்படிம்மா திரும்ப அழுகும்?" என்று டாக்டர் கேட்டார். கடவுள் சித்தம் என்றேன். நகர மன்றத்தில் எனக்குப் பதக்கம் குத்தினார்கள். டாக்டர் மட்டும் கைதட்டவில்லை. பிறகு கொட்டகைக்குப் போய் விசாரித்திருக்கிறார். அவருக்குக் காட்ட என்று சொல்லி நான் பஞ்சு வாங்கிப் போனது அங்கேதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் எதையும் மறுக்கவில்லை. யாக்கோப் ஹேர்லே சாகக் காரணம் நான்தான்.

ஆனால் நேற்று இந்த அறை வாசலில் ரோசினே என்னை மறித்து, "கடைசியா அவரு யாரக் கூப்பிட்டாரு, அதையாவது சொல்லுங்க" என்றாள். நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அவளைத்தான் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருந்தபடி வந்த அவள் அப்போது என் வீட்டு வெளிக்கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். தொற்று உள்ள இடத்தில் ஆளை விடக்கூடாது என்பதால் நான் திறக்கவில்லை. அவனுக்குக் கண் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கதாங்க இருக்கேன், ரோசினேதான்" என்றேன். நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தான். நோயாளிக்கு இதைவிடப் பெரிதாக வேறு யார் என்ன செய்திருக்க முடியும், ஐயா?