மஞ்சள் பட்டன்

பட்டன் விளக்குகளில் மஞ்சள்தான் கண்ணுக்கு இதம். சிவப்பு உறுத்தும், பச்சை மேடை வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். நடந்ததை எழுதித் தரச் சொன்னாய், ஜெபஷீலா பாப்பா. இங்கிருந்து தொடங்கினால்தான் உனக்கு விளங்கும்.

ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்த உன் அப்பா எபனேசர் அண்ணன் 2010இல் அந்தப் பட்டன் பெட்டியை வாங்கினார். அறுபத்து நாலு பட்டன். அதற்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. எந்தப் பட்டனை அமுக்கினால் கீபோர்டில் எந்த ஒலி வர வேண்டும், எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று லேப்டாப்பில் நாம்தான் செட்டிங் போட வேண்டும். எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் அதைக் கற்றுக்கொண்டவன் நான் ஒருத்தன்தான். அதுவரை ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். அதற்கும் முன்னால் கோம்பையிலிருந்து விடிகாலை ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்தில் களையெடுத்தேன். ஒரு ஜீப்பில் இருபது பேர், மழை, அட்டைக்கடி. பெட்டி வந்தபிறகு மேடையில் அண்ணன் பக்கத்தில் எனக்கும் நாற்காலி போட்டார்கள். சின்னமனூர்க் கச்சேரியில் மைக்கில் "பட்டன் செல்வமணி" என்று பேர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறு வருஷம் ஜூனில் அண்ணன், "ஏலே செல்வமணி, காதுக்குள்ள வண்டு இரையுதுலே" என்றார். நீ நாகர்கோவிலில் படித்துக்கொண்டிருந்தாய். நான்தான் பைக்கில் வைத்துத் தேனிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பேசியது அண்ணனுக்குச் சரியாக விழவில்லை. அதனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரெண்டு காதும் இறங்கிக்கிட்டே வருது. ரெண்டு வாரத்துக்குள்ள மதுரைக்குக் கூட்டிட்டுப் போனா காப்பாத்திரலாம். தள்ளிப்போட்டா யாராலயும் ஆகாது. இனிமே கச்சேரிச் சத்தமே வேணாம்னு சொல்லிருங்க."

மதுரைக்கு ஒரு சீட்டும் எழுதித் தந்தார்.

அண்ணன் கீபோர்டை மூடினால் ஆர்கெஸ்ட்ரா கலையும். எனக்கு மறுபடி அந்த ஜீப்தான். வேறு பிழைப்பும் தெரியாது. வெளியே வந்து, "வெறும் சளிதான்ணே, தானா இறங்கிரும்னு சொன்னாக" என்றேன். சொல்லும்போதே நாளைக்குத் திருத்திச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதினாலு நாளும் அப்படித்தான் நினைத்தேன். சோறு இறங்கவில்லை. பதினைந்தாம் நாள் மனசு லேசாகிவிட்டது. இனிமேல் சொல்லி ஆவதென்ன? சீட்டை நான் கிழிக்கவில்லை. கெட்ட எண்ணம் இருப்பவன் கிழித்திருப்பான். பெட்டியைப் பொதிந்து வந்த தெர்மாகோலுக்கு அடியில் செருகி வைத்தேன். போன வாரம் நீ எடுத்தது அதைத்தான்.

அந்தப் பதினாலு நாளுக்குள் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் நாள் காலை, உங்கள் வீட்டு முன்னறை. அண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சத்தத்தக் கொறச்சு வையிலே. கேட்டா கையத் தூக்குறேன். கேக்கலேன்னா மதுரைக்கே போயிருவோம்" என்றார். பெட்டி அவர் முன்னால் இருந்தது. ஒலி வரும்போதெல்லாம் ஒரு பட்டன் மஞ்சளாக எரிகிற மாதிரி செட்டிங் போட்டேன். பத்துக்கு எட்டுத் தடவை கை தூக்கினார். இன்னொரு தரம் பார்ப்போம் என்றார். அந்தத் தரம் ஒலியை எடுத்துவிட்டு விளக்கை மட்டும் வைத்தேன். காதுக்குள் எந்நேரமும் இரைச்சல் உள்ள மனிதர். விளக்கு எரிந்தால் அந்த இரைச்சலே சுருதியாகத் தோன்றும்போல. பத்துக்குப் பத்தும் தூக்கினார்.

"கேட்டுருச்சுலே, சுத்தமாக் கேட்டுருச்சு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை பாப்பா.

அதற்குப்பிறகு பாட்டுக்குப் பாட்டு எந்த இடத்தில் எதை வாசிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு நிறம் வைத்தேன். ராப்பகலாக உட்கார்ந்து வைத்தேன். தேவாரம், கம்பம் என்று போன ஊர்களில், உங்கள் சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனையில்கூட ஒரு தாளம் தப்பவில்லை. இப்போது அவர் காதில் எதுவும் விழுவதில்லை என்கிறாய். நம்பவைத்துக் கழுத்தறுத்தேன் என்கிறாய். டாக்டர் சொன்னதை மறைத்தேன், ஒலியில்லாமல் விளக்கைக் காட்டினேன், அவரை மதுரைக்குப் போகவிடாமல் செய்தேன். மூன்றும் நான் செய்தவைதான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் ஒன்றை நீயும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நேற்று வாசலில் நின்று மூன்று தடவை "அப்பா" என்று கூப்பிட்டாய். அவர் திரும்பவில்லை. நீ உடைந்து அழுதாய். நான் லேப்டாப்பில் தட்டி, அவர் முன்னாலிருந்த பெட்டியில் மஞ்சளை எரியவிட்டேன்.

"சொல்லுலே செல்வமணி" என்று உடனே என் பக்கம் திரும்பினார்.

இவரையா காது கேட்காதவர் என்கிறாய்?