கட்டுகஸ்தோட்டை வீட்டு பிளான்

ஐயோ, அதுல உக்காராதீங்க மதினி, அந்தக் கதிரைக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இருங்க, வரையுற பலகைய தள்ளி வச்சுர்றேன். மை இன்னும் காயல, சேலையில பட்டுச்சுன்னா எத்தன வெளுப்பு வெளுத்தாலும் போகாது. தாலி ஏறுறதுக்கு முந்தியே மதினின்னு கூப்பிடுறாளேன்னு பாக்குறீங்களா? அதான் கோயில்ல ரெண்டு கல்யாண ஓலை வாசிச்சாச்சே. மத்தியாஸுக்கும் டொரதிக்கும்னு அண்ணன் பேரையும் உங்க பேரையும் சாமியார் வாசிக்கும்போதே அம்மா முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டாங்க. வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை. அப்புறம் நீங்க மதினி இல்லாம வேற யாரு?

அண்ணன் இல்லயே. கலகெதரைக்குப் போயிருக்காரு. அங்க ஒரு முதலாளி கடை கட்டுறாராம், எடம் அளக்கணுமாம். பஸ் திரும்ப பொழுது சாஞ்சுரும். உங்ககூட வந்த உங்க அத்தை? எங்கம்மாவோட குசினியிலயா? அப்ப நமக்கு நேரம் இருக்கு. எங்கம்மா எலுமிச்சங்கா ஊறுகாயில ஆரம்பிச்சா செத்துப்போன சொந்தக்காரங்க வரைக்கும் விசாரிச்சுட்டுத்தான் விடுவாங்க.

தெரியும் மதினி. எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். உங்கப்பா அனுப்புனாங்களா, நீங்களா வந்தீங்களா? நீங்களாவா. அப்ப சாக்குச் சொல்லி அனுப்ப முடியாது, கஷ்டம்தான்.

கட்டுகஸ்தோட்டையில உங்கப்பா உங்க ரெண்டு பேருக்கும் கட்டித் தர்ற வீட்டுக்குப் பிளான் ஏன் இன்னும் வரல. அதானே? கல்லு வந்து எறங்கிருச்சு, சுவர் கட்ட வந்த மேசன் பாஸுங்க கைய கட்டிக்கிட்டு நிக்கிறாங்க, மூலக்கல்லு மந்திரிக்க சாமியாரும் நாள் குடுத்துட்டாரு. பிளான் மட்டும் இல்ல. உங்கப்பா கோவத்துல சொன்னதும் எங்க காதுக்கு வந்துச்சு. பிளான் கைக்கு வராம பொண்ணோட கைய புடிச்சுக் குடுக்க மாட்டேன்னு சொன்னாங்களாமே. வேணாம், மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. உங்கப்பா யாகப்பர் முதலாளி சொன்னது ஞாயம்தான். தன் வீட்டுக்கே பிளான் போட ஒடம்பு வணங்காத மாப்பிள்ளைய யாருதான் நம்புவாங்க?

என்னது? உங்களைப் புடிக்காமலா? யாரு சொன்னா? சேச்சே. கலகெதரையில வேற ஆள் இருக்குன்னு உங்க சொந்தத்துல யாரோ சொன்னாங்களா? அந்த முதலாளிய நீங்க பாக்கணும் மதினி, தலையில ஒரு முடி இல்ல, தொந்தி மட்டும் பாதி கடைக்கு வரும். சிரிங்க, பரவாயில்ல. அண்ணனுக்கு உங்களைப் புடிச்சிருக்கு. உங்க போட்டோவ அந்த அலுமாரிக் கண்ணாடியில சொருகி வச்சுக்கிட்டுத்தான் தல சீவுறாரு. பிளான் நின்னதுக்கு அவரு காரணம் இல்ல.

நான்தான்.

இல்ல மதினி, ட்ரேசிங் மட்டும் இல்ல. அப்படித்தான் சொல்லிருப்பாரு, தான் போட்டத தங்கச்சி ட்ரேசிங் துணியில மையால நகல் எடுத்துக் குடுப்பா, ஒத்தாசையா இருப்பான்னு. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றது. வீட்டுக்கு ஆள் வந்தா நான் குசினிக்குப் போயி எலுமிச்சம் மூடிய வச்சு விரல் மைய தேச்சுக்கிட்டு நிப்பேன். இன்னைக்கு நீங்க தட்டாம உள்ள வந்துட்டீங்க. அதான் மாட்டிக்கிட்டேன். எனக்கு ஆளுங்க முன்னாடி பேசவே வராது. கான்வென்ட்ல பேர் கூப்பிட்டா கையத்தான் தூக்குவேன். இன்னைக்கு என்னமோ வாய் நிக்க மாட்டேங்குது.

கட்டடம் வரையுற போட்டியில அண்ணன் வாங்குன மெடல பாத்துத்தானே உங்கப்பா சம்மதிச்சாங்க? பேப்பர்ல வந்த போட்டோவ கடையில கண்ணாடி போட்டு மாட்டிருக்காங்கன்னு அண்ணன் சொன்னாரு. அந்தப் போட்டி எப்படின்னு தெரியுமா உங்களுக்கு? கொழும்புல கட்டடம் வரையுறவங்க சங்கம் ஒண்ணு இருக்கு. வருஷா வருஷம் படிக்கிற பையன்களுக்கும் கந்தோர்ல கோடு இழுக்குறவங்களுக்கும் ஒரு போட்டி வைப்பாங்க. என்ன கட்டடம்னு அவங்க சொல்லுவாங்க, இவங்க வரைஞ்சு அனுப்பணும். தாள்ல பேர் இருக்கக்கூடாது. ஒரு அடையாளமும் இருக்கக்கூடாது. சும்மா ஒரு புனைபேரு, அவ்வளவுதான். நெசப் பேர வேற கவர்ல வச்சு ஒட்டிரணும். யாரு வரைஞ்சதுன்னு தெரியாமலே தீர்ப்பு சொல்லணுமாம். நல்ல சட்டம் மதினி. இன்னைக்கு வரைக்கும் யாரு வரைஞ்சதுன்னு அவங்களுக்குத் தெரியாது.

மொதல் வருஷம் தபால் கந்தோர் ஒண்ணு கேட்டாங்க, மழை ஊருக்குத் தகுந்த மாதிரி. அண்ணன்தான் பென்சில்ல போட்டாரு. அப்ப எங்கப்பா தவறி ஒரு வருஷம். நான் சீனியர் பரீட்சை பாஸாகி வீட்டுல சும்மா இருந்தேன். பென்சில் கோட்டு மேல மை இழுடி பியட்றிஸ், உன் கை நடுங்காதுன்னாரு. இழுத்தேன். இழுக்கும்போது பாத்தா, மணியார்டர் வாங்க நிக்கிற சனம் பூரா நனையும். அவரு படத்துல கூரை அழகா இருந்துச்சு, ஆனா சன்னல் ஓரத்துல நிக்கிறவ தலையிலதான் கூரைத் தண்ணி விழும். பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நிப்பாளே அவ, எங்க ஒதுங்குவா? நான் கூரைய நீட்டி தூண் போட்டு ஒரு நடைய சேத்தேன். நட சேத்தா கதவு தள்ளும், கதவு தள்ளுனா கவுண்டர் தள்ளும். கடைசில அவரு பென்சில்ல போட்டதுல நாலு சுவருதான் மிஞ்சுச்சு. அவரு பாக்கல. சுருட்டிக் கட்டி அனுப்பிட்டாரு.

அதுல நான் ஒரு கூத்துப் பண்ணிட்டேன். நீங்களும் கான்வென்ட்லதானே படிச்சீங்க? கணக்கோ கட்டுரையோ எதுன்னாலும் தாள் உச்சியில என்ன போடுவோம்? ஆமா, ஒரு சின்ன சிலுவ, பக்கத்துல சேசு மரி சூசைக்கு முதல் எழுத்து மூணு. அது கை தானாப் போடும். அத்தன தாள் உச்சியிலயும் போட்டு வச்சிருக்கேன். அடையாளம் இருக்கக்கூடாதுன்னு சட்டம். கொழும்புல அத பாத்துட்டு, இது யாரோ வேதக்காரப் பையன் தெரிஞ்சவங்களுக்குக் காட்டுற சாடைன்னு ஒதுக்கி வச்சுட்டாங்க.

அண்ணன் வேல பாக்குற கந்தோர் துரைக்கு அந்தச் சங்கத்துல ஆள் உண்டு. அவருதான் பேச்சுவாக்குல சொல்லிருக்காரு, மத்தியாஸ், சிலுவ போட்ட ஒருத்தன் இருந்தான், அந்த நடை ஒண்ணுக்கே அவனுக்குத்தான் மொதல் பரிசு, முட்டாப்பய கெடுத்துக்கிட்டான்னு. துரைக்கு அது இவரோட தாளுன்னு தெரியாது. அண்ணன் வீட்டுக்கு வந்தாரு. கைய ஓங்குனாரு. நான் அடி விழும்னு கண்ண மூடிக்கிட்டேன். விழல. தொறந்து பாத்தா, என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. புதுசா ஒரு மாடு வாங்குனவன் சுத்திச் சுத்திப் பாப்பானே, அந்த மாதிரி. அன்னைக்கு அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்னு அப்பப்ப நெனைப்பேன்.

அதுக்கப்புறம் அவரு பென்சிலத் தொடல மதினி.

அடுத்த வருஷம் மலை ஊர்ல குமாஸ்தா ஒருத்தருக்கு வீடு. அந்த மெடல் அதுக்குத்தான். நான் அடுப்புக்கு மேல ஒரு பரண் மாதிரி வச்சு, மழைக்காலத்துல துணி காய வழி பண்ணிருந்தேன். ஐப்பசியில கண்டியில துணி காயாம நாம படுற பாடு ஆம்பளைங்களுக்கு எங்க தெரியும்? பரிசு குடுத்த வெள்ளக்காரரு அத புகழ்ந்து பேசுனாராம். இளைஞர் மத்தியாஸுக்குத் தாய் மேல பாசம் அதிகம் போலன்னு. எல்லாரும் கை தட்டுனாங்களாம். அண்ணன் வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாரு. அம்மாவுக்கு ஒரு சேலை, எனக்கு ஜெர்மன் பேனா ஒண்ணு.

கெட்டவர் இல்ல மதினி. அத நீங்க தப்பா எடுத்துறக்கூடாது. தங்கச்சின்னா உசிரு. எனக்கு காய்ச்சல்னா வேலைக்குப் போக மாட்டாரு. பேச்சுல அவர மிஞ்ச ஆள் கெடையாது. வெறும் மண்ணுல நின்னுக்கிட்டு, இங்க உங்க சாப்பாட்டு அறை முதலாளி, இங்க காத்து வரும்னு கையக் காட்டுனாருன்னா, முதலாளிக்கு அங்கயே பசி எடுக்கும். எனக்கு அது வருமா? சென்மத்துக்கும் வராது. ஆனா அந்தக் காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்துதான் கேப்பாரு.

சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூட சொன்னேன். பொய்யிதானே சாமி, வேற ஆள் பேருல அனுப்புறதுன்னு. அண்ணனுக்கு ஒத்தாச பண்றது புண்ணியம் மகளே, மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லுன்னாரு. புண்ணியத்துக்கு எதுக்கு மந்திரம்னு கேக்க வாய் வரல.

கொழும்புல டீச்சர் பயிற்சிக்கு எடம் கெடச்சுச்சு. அம்மா தனியா இருப்பாங்களேன்னு அண்ணன் கண் கலங்குனாரு, நான் போகல. அப்புறம் நாவலப்பிட்டி ஸ்கூல் வாத்தியார் ஒருத்தருக்கு என்னக் கேட்டு வந்தாங்க. நல்ல மனுசரு, நானும் திரைச்சீலைக்குப் பின்னாலருந்து பாத்தேன். வண்டிக்குத் திரும்பிப் போறப்ப குடைய அவங்கம்மாவுக்குப் புடிச்சுக்கிட்டு அவரு நனைஞ்சுக்கிட்டுப் போனாரு. அண்ணன் அவங்ககிட்ட, எங்க பியட்றிஸுக்கு கன்னியாஸ்திரி ஆகுற ஆச இருக்குன்னு சொல்லிட்டாரு. அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது அந்த ஆச எனக்கு இருக்குன்னு.

நீங்களும் அப்படித்தான் கேள்விப்பட்டீங்களா? ம். இருக்கட்டும்.

இல்ல, உங்க வீட்டு பிளான நான் வேண்டா வெறுப்பா செய்யல. அத நம்புங்க. இதுவரைக்கும் போட்டிக்கு வரைஞ்ச வீட்டுல யாரும் குடியேறல மதினி. பரிசோட சரி. இதுலதான் நெசமா ஒரு மனுசி நடக்கப்போறா. உங்க உயரம் எவ்வளவுன்னு அண்ணன்கிட்ட கேட்டேன், எதுக்குடின்னு மொறச்சாரு. குசினியில தட்டு வைக்க எட்டணுமே. ஆத்தப் பாத்த மாதிரி குசினிக்கு ஒரு சன்னல் வேணும்னு நீங்க கேட்டீங்களாமே, சமைக்கிற எடத்துல எதுக்கு ஆறுன்னு சிரிச்சாரு. நான் சன்னல போட்டுட்டேன். இந்தா பாருங்க. இது வாசல். இது உங்க ரூம், காலை வெயில் கட்டில்ல விழாது, பக்கத்துச் சுவத்துலதான் விழும். இது குசினி, இதான் உங்க சன்னல். கைய வைக்காதீங்க, மை இருக்கு. நல்லாருக்கா? நெசமாவா? என் மூஞ்சிக்கு முன்னால ஒருத்தரு நல்லாருக்குன்னு சொல்றது இதான் மொதல் தடவ. இருங்க, கண்ணுல என்னமோ.

ஆமா. எல்லாம் முடிஞ்ச மாதிரித்தான் இருக்கு. அளவெல்லாம் போட்டாச்சு, கூரை போட்டாச்சு. ஒண்ணுதான் பாக்கி.

இதுவா? இது அண்ணனோட ஆபீஸ் ரூம். கல்யாணத்துக்கு அப்புறம் கந்தோர் வேலைய விட்டுட்டு சொந்தமா பேர்ப் பலகை மாட்டப் போறாருல்ல. முதலாளிமாரு வந்து உக்கார எடம். அதுக்குப் பின்னால இந்த வெறும் கட்டமா? கேப்பீங்கன்னு தெரியும். சாமான் ரூம்னு உங்கப்பாகிட்ட சொல்லச் சொன்னாரு. சாமான் ரூமுக்கு வடக்குப் பாத்து இவ்வளவு பெரிய சன்னல் எதுக்கு மதினி? வடக்கு வெளிச்சம்தான் வரையுறதுக்கு நல்லது, நெழல் விழாது. மேசைக்கும் எடம் விட்டிருக்கு, கட்டிலுக்கும் எடம் விட்டிருக்கு. ஆபீஸுக்கு வர்றவங்க கண்ணுல பட்டுறக்கூடாதாம். அதனால கூடத்துப் பக்கம் கதவு வேணாம், தோட்டத்துப் பக்கமும் வேணாம், அவரு ரூமுக்குள்ள மட்டும் ஒரே ஒரு கதவு போதும், சாவி தன்கிட்ட இருக்கட்டும்னாரு. உனக்குத் தொந்தரவு இருக்காதுடி, கொண்டு வந்து தர்றத வரைஞ்சுக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்னு தலைய தடவிக்கிட்டே சொன்னாரு.

அந்தக் கதவத்தான் என்னால போட முடியல. ஒவ்வொரு நாளும் காலையில பேனாவ எடுக்குறேன், கை போக மாட்டேங்குது. அவருக்கோ போடத் தெரியாது. அதான் மதினி பிளான் வரல. வேற ஒண்ணுமில்ல, அந்த ரூம் எனக்கு.